விளையாட்டரங்கத்துக்கு எந்த இடத்தைக் கேட்பது? பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி இது: "எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் இருக்கிறது. கபடி, வாலிபால் ஆடுகிற பிள்ளைகள் நிறைய. ஆனால் ஓடிப் பழக ஒரு நல்ல மைதானம் கிடையாது. சிறு விளையாட்டரங்கம் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். மூன்று இடங்கள் பேச்சில் இருக்கின்றன. ஊரிலிருந்து 8, 9 கிலோமீட்டர் தள்ளி, கரட்டை (சிறு பாறைக் குன்றை) ஒட்டி 25 ஏக்கர் தரிசு ஒன்று. ஏரிக்குள் வறண்டு கிடக்கும் பகுதி இன்னொன்று. டவுன் பஸ் போகும் ரோட்டில் ஊரை ஒட்டியே 11 ஏக்கர் புறம்போக்கு மூன்றாவது. பெரிய இடமாகக் கேட்டால்தான் பெரிய அரங்கம் வரும் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?"

தம்பி, மூன்றாவது இடத்தைக் கேளுங்கள். அந்த 11 ஏக்கரைத்தான். இந்த மாவட்டத்தில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், இடம் தேடும் குழுக்களில் சர்வேயர்களோடு அலைந்தவன் என்ற முறையிலும் இதைத் தயங்காமல் சொல்கிறேன். ஏன் என்பதையும், அதை அதிகாரிகள் ஒத்துக்கொள்ளும்படி எப்படி எழுதுவது என்பதையும் விரிவாகவே சொல்கிறேன்.

மனு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "எங்கள் பகுதி பின்தங்கிய பகுதி, திறமைசாலிகள் நிறைய, எனவே அரங்கம் வேண்டும்" என்று தொடங்குவார்கள். எல்லா ஊர் மனுவிலும் இதே வரிதான் இருக்கும். நீங்கள் வேறு விதமாகத் தொடங்குங்கள். காலை 5.30 மணிக்கு அந்த இடத்தில் யார் வந்து நிற்பார்கள், சாயங்காலம் 5 மணிக்கு யார் வருவார்கள், எப்படி வருவார்கள், எப்படித் திரும்பிப் போவார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அரங்கத்துக்கு உயிர் கொடுப்பது தினமும் வருகிற ஆள்தான். வருஷத்தில் ஒரு நாள் நடக்கும் போட்டிக்கு எட்டு கிலோமீட்டர் போகலாம். தினப் பயிற்சிக்கு யாரும் போக மாட்டார்கள்.

யாரெல்லாம் வருவார்கள் என்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்களிலும் நலத்துறை விடுதிகளில் தங்கிப் படிக்கிறவர்களைத் தனியாகக் கணக்கெடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எல்லாம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயோ ஊர் ஓரத்திலோதான் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் மாடு பார்க்கிற வேலை இல்லை, பஸ் பிடிக்கிற வேலை இல்லை. நடந்து போகிற தூரத்தில் மைதானம் இருந்தால் தினமும் வருவார்கள். நான் பயிற்சி கொடுத்த காலத்தில் ஒரு நாள் விடாமல் வந்தவர்கள் விடுதிப் பிள்ளைகள்தான். உங்கள் மனுவில் இடத்திலிருந்து ஒவ்வொரு விடுதிக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதினால் அந்த ஒரு பத்தியே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள். விடிவதற்கு முன்னால் தருமபுரி மாவட்டத்தின் எந்த ரோட்டில் போனாலும் நாலைந்து பையன்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் ஓட வேண்டும். அப்புறம் கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது எல்லாம் இருக்கிறது. இதற்கு அளந்த ஓடுதளம் வேண்டும். ரோட்டில் மைல்கல்லைப் பார்த்து ஓடிப் பழகியவனுக்கு 1500 மீட்டரில் எந்த இடத்தில் வேகம் எடுப்பது என்று தெரியாது. காய்கறி வண்டியும் தக்காளி வண்டியும் மண்டிக்கு விரைகிற நேரமும் அதுதான். இருட்டில் தார் ரோட்டில் ஓடுகிற பிள்ளையின் உயிருக்கு என்ன உத்தரவாதம்? இவர்களுக்கு வேலை கிடைப்பது குடும்பத்துக்கே சோறு. அரங்கம் என்பதைப் பதக்கத்தோடு மட்டும் சேர்த்துப் பேசாமல், வேலையோடும் சேர்த்துப் பேசுங்கள். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெண் பிள்ளைகள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம்முடையது. பெண் குழந்தைகளைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துவிடும் வழக்கத்தோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை தொடர்ந்து மைதானத்துக்கு வந்தாள் என்றால், அவளைப் பிளஸ் டூ, கல்லூரி என்று கொண்டுபோவது எளிது. எங்கள் பள்ளியில் உயரம் தாண்டுகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். மண்ணைக் கொத்திப் போட்டு, மேலே வைக்கோலைப் பரப்பி அதில் விழுந்துதான் பழகினாள். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்ட அளவுக்குப் போனாள். அப்புறம் தினப் பயிற்சிக்கு வெகுதூரம் தள்ளி ஒரு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அவள் அப்பா கல் உடைக்கிற வேலைக்குப் போகிறவர். கொஞ்ச நாள் சாயங்கால வேலையை விட்டுவிட்டு சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். கூலி போனது. பிறகு நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மைதானம் போட்ட இடம்தான் அந்தப் பிள்ளையை நிறுத்தியது.

இங்கேதான் உங்கள் 11 ஏக்கருக்குப் பெரிய பலம் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும், மைதானத்துக்குச் செல்லாது. ஆனால் டவுன் பஸ் ரோட்டில் மைதானம் இருந்தால் பெண் பிள்ளையும், கூட வருகிற அம்மாவும் காசில்லாமல் வந்து போகலாம். அரசு ஏற்கெனவே செலவு செய்துகொண்டிருக்கும் ஒரு திட்டம் இந்த இடத்துக்கு இலவசமாகப் பயன்படுகிறது. கரட்டோரத் தரிசுக்கு இந்த வசதி கிடையாது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் அந்த ரோட்டில் எத்தனை பஸ் போகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிப்போவில் கேட்டு, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி மனுவோடு இணையுங்கள். அதோடு சில தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் 6.30 மணிக்கு பஸ் நிறுத்தத்திலிருந்து இடம் வரை நடந்து பாருங்கள். எங்கே விளக்கு இல்லை, எங்கே டாஸ்மாக் இருக்கிறது, எங்கே நாய் துரத்துகிறது என்று அவர்கள் சொல்வார்கள். ஆண்கள் கண்ணுக்கு அது படாது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, இத்தனை தெருவிளக்கு வேண்டும் என்று பேரூராட்சிக்குத் தனி மனுவே கொடுக்கலாம்.

25 ஏக்கர் தரிசைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய இடம் என்றதும் பெரியவர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் கரட்டை ஒட்டிய இடம் என்கிறீர்கள். முதலில் அது காப்புக்காட்டு எல்லைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு துண்டு காட்டு நிலத்தில் பட்டால் கூட 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி வரை போக வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் யானை வருகிற நிலம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே வயலுக்குப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்ததை நாம் மறக்க முடியாது. யானை நடமாடுகிற ஓரத்தில் பிள்ளைகளை விடியற்காலையிலும் இருட்டு நேரத்திலும் ஓடவிடுவதா? யானைக்கும் அது நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள்: அந்த 25 ஏக்கரைச் சுற்றியுள்ள பட்டா நிலங்கள் யாருடையவை, சமீபத்தில் கைமாறியவை எத்தனை? அரங்கம் வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் மனை விலை ஏறும். இதற்காகவே தூரத்து இடத்தை முன்மொழிகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் ஊரில் அப்படி இல்லாமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

கட்டடத்தின் அளவுக்கு ஆட்டம் கட்டுப்படாது. மதுரை அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 60 ஏக்கருக்கு மேல் நிலத்தில் ஏறுதழுவுதல் அரங்கம் ஒன்றை 2024 ஜனவரியில் திறந்தார்கள். பிரம்மாண்டமான அரங்கம். ஆனாலும் அலங்காநல்லூர்க்காரர்கள் பொங்கல் ஜல்லிக்கட்டைத் தங்கள் ஊர் வாடிவாசலிலேயேதான் நடத்துகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே வேறு மாதிரி ஒன்று இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன், கையில் காசு வந்ததும் மைதானம் போட்டது தன் சொந்த ஊரில். 2023-ல் அதைத் திறந்தார்கள். எந்தப் பிள்ளைகளுக்காக மைதானம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏரி வேண்டவே வேண்டாம். வறண்டு கிடந்தாலும் ஏரி ஏரிதான். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கட்ட நீதிமன்றங்கள் விடுவதில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நிலத்தடி நீர் இவ்வளவு இறங்கிப்போன மாவட்டத்தில் ஏரியைக் கேட்பது மனசாட்சிக்கும் ஒவ்வாது. ஒரு நல்ல மழையில் ஓடுதளம் முழுக்கச் சேறாகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மனுவில் ஏரியின் பெயரே வரக்கூடாது. மாற்று இடம் என்று கூடக் குறிப்பிடாதீர்கள்.

இனி அந்த 11 ஏக்கரை அளப்போம். உங்கள் வேலையில் பாதி இதில்தான் இருக்கிறது.

400 மீட்டர் ஓடுதளத்துக்கு உலக அளவில் வழக்கமான அளவு இதுதான். நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதை போட்டால் வெளிப்புறம் வரை நீளம் ஏறக்குறைய 177 மீட்டர், அகலம் 92.5 மீட்டர் வரும். சுற்றிலும் நடக்கவும் வடிகாலுக்கும் இடம் விட்டு 190க்கு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஏக்கருக்குச் சற்று மேல். மீதியில் இரண்டு கபடி ஆடுகளம் (ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர்), இரண்டு வாலிபால் ஆடுகளம் (18க்கு 9), கோ-கோ, பார்வையாளர் படிக்கட்டு, கழிப்பறை, வண்டி நிறுத்தம், ஒரு குட்டை எல்லாம் அடங்கும். ஓடுதளத்தின் உள்ளே 105க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் சரியாகப் பொருந்தும். ஆக, 11 ஏக்கர் போதுமா என்றால் தாராளமாகப் போதும்.

ஆனால் ஏக்கர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. வடிவம் முக்கியம். ஒரு பக்கம் ஒடுங்கி முக்கோணமாகப் போகிற நிலத்தில் 11 ஏக்கர் இருந்தாலும் ஓடுதளம் உட்காராது. புல வரைபடத்தை (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் சர்வே படம்) வாங்கி, அதே அளவுகோலில் ஓடுதளத்தை ஒரு அட்டையில் வெட்டி, வரைபடத்தின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீள அச்சு வடக்கு தெற்காக வர வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால் காலையிலும் மாலையிலும் நேர்ப்பகுதியில் ஓடுகிறவன் கண்ணில் வெயில் அடிக்கும், கோல்கீப்பருக்குப் பந்து தெரியாது. படிக்கட்டு மேற்குப் பக்கம் இருந்தால் சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும்.

அட்டையில் பொருந்தியதும் இடத்துக்குப் போய் முளைக்குச்சி அடித்துப் பாருங்கள். நாங்கள் பள்ளியில் டிராக் போடுகிற மாதிரிதான். இரண்டு வளைவுக்கும் மையப் புள்ளி குறிக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் 84.39 மீட்டர். மையத்தில் கட்டையை அடித்து, நீளாத கயிறாகப் பார்த்து 36.5 மீட்டர் அளந்து கட்டி, கயிறு தளராமல் ஒருவர் சுற்றி வர, பின்னாலேயே இன்னொருவர் சுண்ணாம்புத் தூளை விட்டுக்கொண்டே வர வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். மெல்லிய கம்பியோ இரும்பு டேப்போ நல்லது. வளைவு போகிற வழியில் பாறை, கிணறு, மின்கம்பம், புளியமரம் எது குறுக்கே வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தச் சுண்ணாம்புக் கோடு தெரியும்படி பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். மாவட்ட ஆட்சியர் மேசையில் எத்தனை பக்க மனுவும் செய்யாத வேலையை அந்த ஒரு போட்டோ செய்யும். இந்த இடத்தில் ஓடுதளம் பொருந்துகிறது என்பது படத்திலேயே தெரிந்துவிடும் அல்லவா.

அடுத்தது மட்டம். ஓடும் திசையில் சரிவு ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அதாவது 177 மீட்டர் நீளத்தில் 18 சென்டிமீட்டருக்குள். நம் பக்கத்து நிலம் அப்படியா இருக்கும்? நாற்பதுக்கு ஒன்று என்று சாய்ந்தால் 180 மீட்டரில் நாலரை மீட்டர் இறக்கம். ஒரு பக்கம் வெட்டி மறு பக்கம் கொட்ட வேண்டும். வெட்டுகிற பக்கம் பாறை என்றால் வெடி வைக்க வேண்டும், கொட்டுகிற பக்கம் சரியாக இறுகாவிட்டால் அடுத்த மழையில் ஓடுதளம் உள்வாங்கும். மொத்தப் பணமும் மண் வேலையிலேயே போய்விடும். அதனால் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொண்டு போய் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டம் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. நிலம் அரசுடையது என்பதால் வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு நாலைந்து இடத்தில் சிறு குழி தோண்டிப் பாருங்கள். செம்மண்ணும் கிராவலும் எத்தனை அடி வரை போகிறது, எங்கே பாறை தட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கரட்டோரத் தரிசுக்கும் இதையே செய்து இரண்டு கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்தால், பெரியவர்களே 11 ஏக்கருக்கு வந்துவிடுவார்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் மனுவில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். கால்பந்து அளவுள்ள புல்தரைக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் கூட ஏறக்குறைய 36,000 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் தினமும் மூன்று லோடு. ஏப்ரல், மே மாதத்தில் குடிக்கிற தண்ணீருக்கே குடம் வரிசை நிற்கிற ஊரில் இதை யார் தருவார்கள்? போர் போட்டு எடுத்தால் பக்கத்து விவசாயி சண்டைக்கு வருவார், அவர் வருவதும் நியாயம். என் யோசனை: முதலில் முழுப் புல்தரை கேட்காதீர்கள். நன்றாக வடிகால் அமைத்த மண் ஓடுதளம், மண் ஆடுகளம், இவை போதும். கபடிக்கும் கோ-கோவுக்கும் வாலிபாலுக்கும் நம் பிள்ளைகள் மண்ணில்தான் பழகுகிறார்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் 30க்கு 30 மீட்டர், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினால் 27 லட்சம் லிட்டர் பிடிக்கும். நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 11 ஏக்கரில் விழுகிற மழையில் கால் பங்கைத் திருப்பிவிட்டாலே குட்டை மூன்று முறை நிரம்பும். ஆவியாவது, ஊறிப்போவது எல்லாம் போனாலும் மரத்துக்கும், தூசி அடங்க ஓடுதளத்தில் தெளிக்கவும் வரும்.

குடிநீர் வேறு விஷயம். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பது, பழுப்பேறிய பல்லோடு வளர்ந்த நம் தலைமுறைக்குத் தெரியும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஓடி வேர்க்கிற பிள்ளை மற்றவர்களைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். போர் தண்ணீரைக் குடிக்கவிட்டால் அந்த அளவுக்கு ஃபுளோரைடும் அதிகம் உள்ளே போகும். மைதானத்துக்கு ஒகேனக்கல் குடிநீர் இணைப்பு கட்டாயம் என்று எழுதுங்கள். ஊரை ஒட்டிய இடத்துக்குக் குழாய் நீட்டுவது சுலபம். ஒன்பது கிலோமீட்டர் தள்ளிய தரிசுக்கு அது தனித் திட்டம். இடத்துக்கான வாதத்தில் இதுவும் உங்கள் பக்கமே வந்து சேர்கிறது.

இப்போது காகிதம். நல்ல இடங்கள் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். "புறம்போக்கு" என்ற ஒரு சொல்லில் நிறுத்திவிடாதீர்கள். ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு (சர்வே நம்பருக்கு) நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்றிருந்தால் வழி எளிது. மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, ஓடை என்றிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கிராமப் பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்ன பிறகு மேய்க்கால் நிலத்தை மாற்றுவதில் அதிகாரிகள் கவனமாக இருக்கிறார்கள். ஆடு மாடு மேய்க்கிறவர்களிடம் முதலில் பேசுங்கள். அவர்களுக்கு வேறு மேய்ச்சல் இடம் காட்டாமல் அதில் கை வைக்கக்கூடாது. பஞ்சமி நிலமா (ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய நிலம்), வீட்டுமனைப் பட்டா கொடுக்க ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறார்களா, யாருக்காவது பி மெமோ (ஆக்கிரமிப்பு நோட்டீஸ்) கொடுத்திருக்கிறார்களா என்பதையும் தாலுகா ஆபீசில் கேளுங்கள். அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கில், யார் பயிர் செய்கிறார்கள் என்பது தெரியும். ஓரத்தில் ஏழைக் குடும்பங்கள் குடியிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மீதியைக் கேளுங்கள். குடிசையை எடுத்துவிட்டுப் போட்ட மைதானத்தில் அந்த வீட்டுப் பிள்ளை எப்படி மனம் ஒப்பி விளையாடும்? 11 ஏக்கரில் ஒன்றிரண்டு ஏக்கர் போனாலும் ஓடுதளம் உட்காரும் என்று மேலே பார்த்தோம்.

நிலம் வருவாய்த் துறையிடம் இருக்கும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பெயருக்கு நிலமாற்றம் ஆக வேண்டும், அல்லது அதற்குள் வேலை தொடங்க முன்நுழைவு அனுமதியாவது கிடைக்க வேண்டும். இந்தக் கோப்பு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று ஏறிப்போகும். ஒவ்வொரு மேசையிலும் ஏதாவது ஒரு கேள்வியோடு திரும்பும். ஓர் ஊரில் பணம் ஒதுக்கி, அடிக்கல் நாட்டி, கடைசியில் நிலம் வேறு துறையின் பெயரில் இருப்பது தெரிந்து வேலை நின்றது. பலகை மட்டும் வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்தது. அதனால் பணத்தைவிட முன்னால் நிலத்தைக் கேளுங்கள். மனுவில் கேட்பது ஒரே ஒரு காரியமாக இருக்கட்டும்: இந்தப் புல எண்ணில் இத்தனை ஏக்கரை விளையாட்டரங்கத்துக்கு ஒதுக்க வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல். இடம் ஊராட்சி எல்லைக்குள் வந்தால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அன்றைக்கு உங்கள் கபடிப் பையன்கள் மட்டும் போய் உட்காராமல், பெண் பிள்ளைகளின் அம்மாக்களும் வந்து பேசட்டும். பேரூராட்சி எல்லை என்றால் மன்றத் தீர்மானம். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாயில் என்று மாநில அரசு அறிவித்த திட்டம் உங்களுக்குப் பொருந்தும். அந்தத் தொகையில் சிந்தெடிக் ஓடுதளம், பெரிய கேலரி, நீச்சல் குளம் எல்லாம் கேட்டால் எதுவும் ஒழுங்காக வராது. ஓடுதளம், ஆடுகளங்கள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும், நாலு விளக்குக் கம்பம், சுற்றுச்சுவர், குடிநீர். இவ்வளவுதான் முதல் கட்டம். பள்ளித் தலைமையாசிரியர்களிடம் சொல்லி, 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையையும் ஆண், பெண் தனித்தனியாக வாங்கி இணையுங்கள். விளையாட்டுச் சாமான்களுக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளைக் கேட்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமிய விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது, அதனால் அவர்களுடைய சமூகப் பொறுப்பு நிதியில் இதற்கு இடம் உண்டு.

"அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறதே, அது போதாதா" என்று ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். பள்ளி மைதானம் பள்ளி நேரத்தில் பள்ளிக்கு. விடியற்காலையில் கேட்டைத் திறக்க ஆள் இல்லை, பொதுத்தேர்வு வந்தால் சத்தம் கூடாது, புதிய வகுப்பறை வேண்டுமென்றால் மைதானத்தின் ஓரத்தைத்தான் எடுப்பார்கள். முன்பு 200 மீட்டர் டிராக் போட்ட பள்ளிகளில் இன்றைக்கு 100 மீட்டர் நேராக ஓட இடமில்லாதவை பல. படித்து முடித்துவிட்டு போலீஸ் வேலைக்குத் தயாராகிற 20 வயதுப் பெண்ணைப் பள்ளிக்குள் விடுவார்களா? இதை எழுத்திலேயே பதிலாக வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு நிபந்தனையை இப்போதே மனுவில் சேர்த்துவிடுங்கள். ஊரை ஒட்டிய மைதானம் என்றால் பொதுக்கூட்டம், பொருட்காட்சி, கல்யாண வண்டி நிறுத்தம், ஹெலிகாப்டர் இறங்குதளம் என்று எல்லாரும் கேட்பார்கள். பந்தல் கால் ஊன்றிய குழியில் ஒரு பிள்ளையின் கணுக்கால் மடங்கினால் அந்த வருஷம் அவளுக்கு முடிந்தது. ஓடுதளத்திலும் ஆடுகளங்களிலும் வண்டி ஏறக்கூடாது, குழி தோண்டக்கூடாது, விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிக்கு வண்டி நிறுத்தும் பகுதியை மட்டுமே தரலாம் என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே வரும்படி கேளுங்கள். பிறகு கேட்டால் வராது. கதவு திறக்கும் நேரம் காலை 5 முதல் 8 வரை, மாலை 4 முதல் 8 வரை என்றும், பராமரிக்க ஒரு ஆள் என்றும் அதோடு சேருங்கள். அந்த ஆள் உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் நல்லது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கு அதுவே தைரியம் கொடுக்கும்.

புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் கையில் வந்ததும் முதலில் வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள், அப்புறம் அட்டையை வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எட்டுப் பாதைக்குப் பதில் ஆறு பாதையாக்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து அகலத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் குறையும். அப்படியும் இடித்தால் பக்கத்துப் புல எண் யாருடையது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.